மாஞ்சோலைக்கு ‘அனுமதி உறுதி’ என்று யாராவது சொன்னால்

நேற்று எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மலை ஊர்களான மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டிக்கு ஒருநாள் பயணம், வனத்துறை அனுமதி உறுதி, குடும்பத்தோடு வரலாம், தலைக்கு 2,800 ரூபாய். ‘போவோமா மைனி?’ என்று பக்கத்து வீட்டுப் பெண் எனக்குத் தனியாகவும் அனுப்பியிருந்தாள். விளம்பரம் கொடுத்த சங்கத்தின் பெயர் புதுசு. ஆனால் பணம் அனுப்பச் சொல்லியிருந்த ஜீபே எண் எனக்கு மனப்பாடம். போன வருஷம் அந்த எண்ணுக்கு மொத்தம் 7,200 ரூபாய் அனுப்பியிருக்கிறேன்.

சங்கத்தை நடத்துகிறவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சங்கத்தின் பெயரை எழுதியும் பலனில்லை, அதை அவர் மாற்றிக்கொண்டே இருக்கிறார். நடந்ததை மட்டும் சொல்கிறேன். இனி எந்தப் பெயரில் வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியட்டும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில். மகன் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் போன், போனைப் பிடுங்கினால் டிவி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் சண்டை. இந்த நிலைமையில்தான் கூட வேலை பார்க்கும் ஒருவர், காடு மலை பறவை என்று குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போகிற சங்கம் ஒன்று இருக்கிறது என்று சொன்னார். முதல் பயணம் கூந்தன்குளம். தலைக்கு 150 ரூபாய்.

அந்த நாளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நாங்குநேரிப் பக்கம் இருக்கும் அந்த ஊருக்கு விடியும் முன்பே போய்ச் சேர்ந்தோம். 1994இல் சரணாலயமாக அறிவித்த குளம் அது. ஆனால் அறிவிப்புக்கு ரொம்ப முன்னாலிருந்தே ஊர்க்காரர்கள்தான் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். வீட்டு வாசல் மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கிறது. கீழே கோலம், கோலத்தின் மேல் எச்சம், யாரும் முகம் சுளிக்கவில்லை. தீபாவளிக்கு ஊரில் வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்க்கிறார்கள். குளத்து நடுவில் கூழைக்கடாக்கள், கரையோரம் வரித்தலை வாத்துகள். இமயமலைக்கு மேலே பறந்து வருகிற வாத்து என்று சொன்னதும் என் மகன் பைனாக்குலரை அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை. திரும்பும்போது டீக்குப் போக மீதி இருந்த 20 ரூபாயைக்கூட அந்த ஆள் ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கொடுத்தார்.

அந்த 20 ரூபாய்தான் தூண்டில் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரமே குடும்பத்துக்கு 3,000 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டினேன். மாதம் ஒரு பயணம் என்றார். குறுக்குத்துறையில் ஒரு ஞாயிறு தாமிரபரணியில் துணியும் பிளாஸ்டிக்கும் பொறுக்கினோம். கையுறைக்கு என்று தலைக்கு 100 ரூபாய் கேட்டு, பாதிப் பேருக்குக் கையுறை கிடைக்கவில்லை. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை, ஆற்றுக்குச் செய்கிற வேலைதானே. அப்புறம் மூன்று மாதம் ஒன்றும் இல்லை. வெயில், மழை, யாருக்கோ உடம்பு சரியில்லை. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தார். சந்தாவுக்கு ரசீது வேண்டும் என்று அவர் ஒருநாள் கேட்டார்.

“நம்ம குடும்பத்துக்குள்ள எதுக்கு அண்ணாச்சி ரசீது?” என்று பதில் வந்தது. கும்பிடும் கை படம் மூன்று.

நாங்கள் எல்லோரும் அதற்கு இதயம் போட்டோம். நானும் போட்டேன்.

அரையாண்டு விடுமுறைக்கு மாஞ்சோலை என்று அறிவிப்பு வந்தது. பெரியவர்களுக்கு 2,400, பிள்ளைகளுக்கு 1,800. அனுமதிக் கட்டணம், வண்டி, காலைச் சாப்பாடு, மதியம் சொதிச் சாப்பாடு, வழிகாட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து. மாஞ்சோலை என்றால் திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு தனி ஆசை உண்டு. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்குப் போன மலை, அதில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள், இப்போது ஆள் குறைந்து போன லயன் வீடுகள். என் அப்பா சின்ன வயதில் ஒரு தடவை போயிருக்கிறார், அதையே சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனதில்லை. பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வனத்துறை அனுமதிக் கடிதம் என்று ஒரு படத்தைக் குழுவில் போட்டார். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. தேதி இருந்த இடத்தில் மட்டும் எழுத்து கொஞ்சம் தடித்திருந்தது. என் வேலையே காகிதம் பார்ப்பதுதான். அலுவலகத்தில் மாணவர்களின் சான்றிதழில் அப்படி இருந்தால் உடனே பிடித்திருப்பேன். அன்று பார்க்கவில்லை.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பதினேழு பேர், இரண்டு வண்டி. ஒன்று முறையான வேன். இன்னொன்று வெள்ளைப் பலகை போட்ட ஓன் போர்டு கார். சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்க அது ஒன்று போதும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி தாண்டி மணிமுத்தாறு சோதனைச்சாவடியில் நின்றோம். அந்த ஆள் போனில் இருந்த கடிதத்தைக் காட்டினார். வனக்காவலர் அதை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கோபப்படவில்லை, சலித்துப்போன குரலில்தான் சொன்னார்.

“இது போன வருஷத்துக்குள்ள லெட்டருல்லா சார். தேதியை மட்டும் மாத்தியிருக்கு. வண்டியத் திருப்புங்க.”

அந்த ஆள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனார். இருபது நிமிஷம் வரவில்லை. வந்து, “மேல யானை இறங்கியிருக்காம், கடைசி நேரத்துல ரத்து பண்ணிட்டாங்க” என்றார். காவலர் சொன்னதை நாங்கள் எல்லோரும் காதால் கேட்டிருக்கிறோம். கேட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் சண்டை வேண்டாம் என்று ஒரு நினைப்பு. அருவிக்காவது போகலாம் என்றால், மேலே மழை, குளிக்கத் தடை.

பணம் போனதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் வண்டியை எண்பதடிக் கால்வாய்க்கு விட்டார். மணிமுத்தாறு அணையிலிருந்து பாசனத்துக்குப் போகிற கால்வாய் அது. தண்ணீர் திறந்திருந்தால் பார்க்க அமைதியாக ஓடும், காலை வைத்தால்தான் இழுப்பு தெரியும். கயிறு இல்லை, டியூப் இல்லை, முதலுதவிப் பெட்டி இல்லை. வழிகாட்டி என்று வந்திருந்த கல்லூரிப் பையனுக்கு நீச்சலே தெரியாது. “இடுப்பளவு தண்ணிதான், இறங்குங்க” என்றார் அந்த ஆள். பிள்ளைகள் காலையிலிருந்து ஏமாந்து கிடந்தவர்கள், சொன்னதும் குதித்துவிட்டார்கள்.

எங்களோடு வந்த ஒரு குடும்பத்தின் பையன், ஒன்பது வயது, படியை விட்டு இரண்டடி தள்ளிப் போனான். அவ்வளவுதான். தலை தெரிந்தது, மறைந்தது, பத்துப் பதினைந்து அடி தள்ளித் தெரிந்தது. அவன் அம்மாவின் கத்தலை எழுதத் தெரியவில்லை எனக்கு. கீழே அடுத்த படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் அப்படியே பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். பையன் இருமினான், வாந்தி எடுத்தான், அழுதான். அழுத பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

“பிள்ளைகளை இங்கனயா இறக்குவாவ? தண்ணி இழுக்குது கண்ணு தெரியல?” என்று அவர் எங்கள் எல்லோரையும் பார்த்துக் கத்தினார். அந்தத் திட்டு எங்களுக்கு வேண்டியதுதான். நன்றி சொல்லப் போனபோது வாளியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அந்த ஆள் அப்போது சொன்ன வார்த்தையை மறக்க முடியாது: “அவங்கவங்க பிள்ளைய அவங்கவங்கதான் பாத்துக்கிடணும் அக்கா. நான் என்ன டிராவல்ஸா நடத்துதேன்? நாம எல்லாம் பிரண்ட்ஸா சேந்து வந்திருக்கோம்.”

அதாவது பணம் வாங்கும்போது சங்கம். சந்தா, உறுப்பினர் எண், அடையாள அட்டை எல்லாம் உண்டு. பொறுப்பு என்று வந்தால் நண்பர்கள். ரசீது கேட்டால் குடும்பம். எந்தக் கதவைத் தட்டினாலும் அவர் வேறு கதவு வழியாக வெளியே போய்விடுவார். இன்சூரன்ஸ் எடுத்தீர்களா என்று பையனின் அப்பா கேட்டதற்கு, “ஒண்ணும் ஆகலைல்லா சார்” என்றார். மதியச் சொதிச் சாப்பாடு எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலமாக வந்தது. யாரும் தொடவில்லை.

மறுநாள் பணத்தைக் கேட்டோம். அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த பயணமே வேண்டாம் என்றதும் என்னையும் இன்னும் மூன்று பேரையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். குழுவில் செய்திகள் ஏழு நாளில் தானாக மறைகிற மாதிரி வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. அனுமதிக் கடிதத்தின் படத்தைத் தேடினால் இல்லை. தபால் அண்ணாச்சிதான் காப்பாற்றினார். முதல் நாளிலிருந்து எல்லா அறிவிப்பையும் பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு, கோப்பில் கட்டி வைத்திருந்தார். “முப்பத்தஞ்சு வருஷம் மணியார்டர் பாத்தவன்மா நான்” என்றார்.

அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்துக்கு நானே ஒருநாள் லீவு போட்டுப் போனேன். அந்தத் தேதிக்கு அந்தப் பெயரில் விண்ணப்பமே வரவில்லை என்று சொன்னார்கள். களக்காடு முண்டந்துறை 1988இல் அமைந்த புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமும் அதுதான். அதற்குள் போக அனுமதி கொடுப்பது வனத்துறை மட்டுமே. மழையோ யானையோ என்றால் அன்று காலையில்கூட மூடிவிடுவார்கள். அப்படியிருக்க, ஒரு தனியாள் ‘அனுமதி உறுதி’ என்று விற்கவே முடியாது. போவதற்கு முன்னால் அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, இன்ன தேதிக்கு இன்ன பெயரில் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டேன். மலையேற்றம்தான் ஆசை என்றால், அரசே 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து இணையத்தில் பதிவு செய்ய வழி வைத்திருக்கிறது. 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. அந்த விதிகளையெல்லாம் ‘சும்மா பார்மாலிட்டி’ என்று எங்களிடம் சொன்னதும் இந்த ஆள்தான்.

பணத்தின் கதை சுருக்கமானது. நான்கு குடும்பம் சேர்ந்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பினோம். அடையாள அட்டையில் இருந்த முகவரி ஒரு ஜெராக்ஸ் கடை, திரும்பி வந்துவிட்டது. பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, காவல் நிலையத்திலும் மனு கொடுத்தோம். ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனதும் பயணப் பணம் மட்டும் இரண்டு தவணையாக வந்தது. சந்தா வரவில்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். மனுவை அண்ணாச்சிதான் எழுதிக்கொண்டிருக்கிறார், நான்கு தடவை திருத்தியாகிவிட்டது. கால்வாயில் போன பையனின் வீட்டார் மட்டும் வழக்கு எதுவும் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நேற்று வந்த விளம்பரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு படம்: சிவப்புத் தொப்பி போட்ட பையன் பைனாக்குலரில் பார்த்துக்கொண்டிருக்கிறான், பின்னால் மரம் நிறைய மஞ்சள் மூக்கு நாரைகள். ‘எங்கள் மாஞ்சோலைப் பயணத்தில்’ என்று அடியில் போட்டிருக்கிறது. அது கூந்தன்குளம். அந்தப் பையன் என் மகன். மாஞ்சோலையை அவன் இன்னும் பார்த்ததில்லை.