பைப்ராஜெக்ட் டாமல் கோப்புடன் நான்கு ஆண்டுகள்

கட்டளை வரியில் இயங்கும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்து வருகிறேன். முதலில் அதைப் பிறர் நிறுவும்படி தொகுப்பதற்கான விவரங்கள் செட்டப் பை, செட்டப் சிஎஃப்ஜி, மேனிஃபெஸ்ட் என மூன்று கோப்புகளில் சிதறிக் கிடந்தன. பைத்தான் நிரல்களைத் தொகுக்கும் கருவியான செட்டப்டூல்ஸின், 2022 மார்ச்சில் வெளியான 61-ஆம் பதிப்பு, திட்டத்தின் பெயர், பதிப்பு, சார்புகள் (நிரலுக்குத் தேவையான பிற தொகுப்புகள்) ஆகியவற்றைப் பைப்ராஜெக்ட் டாமல் (pyproject.toml) என்ற அமைப்புக் கோப்பிலேயே எழுத வழிசெய்ததும் நானும் அதற்கு மாறினேன். மாற்றுவதற்கு ஒரு மாலைப்பொழுதே போதுமானதாக இருந்தது.

என்னை உண்மையில் வாட்டியது வேறொன்று. நிரலுக்குத் தேவையான ஒரு ஜேசன் தரவுக் கோப்பு மூலக் கோப்புறையில் இருந்ததால் என் கணினியில் எல்லாச் சோதனைகளும் தேறின. ஆனால் நிறுவிய பயனர்களுக்கோ நிரல் தொடங்கும்போதே கோப்பைக் காணவில்லை என்ற பிழை வந்தது. பயனர்கள் நிறுவும் தொகுப்புக் கோப்பான வீல் என்பது ஒரு ஜிப் கோப்புதான் என்பதால் அதைப் பிரித்துப் பார்த்தேன். பைத்தான் கோப்புகள் மட்டுமே உள்ளே இருந்தன. டாமல் கோப்பில், தொகுப்போடு சேர்க்க வேண்டிய தரவுக் கோப்புகளைச் சொல்லும் பேக்கேஜ் டேட்டா பகுதியில் அந்த ஜேசன் கோப்பைக் குறிப்பிட்டதும் சிக்கல் தீர்ந்தது. அதோடு நிரலை எஸ்ஆர்சி (src) என்ற தனிக் கோப்புறைக்குள் நகர்த்தினேன். அதன்பின் நிறுவாமல் அதை இறக்குமதி (import) செய்ய முடியாது என்பதால், நிறுவப்பட்ட தொகுப்பின்மீதே சோதனைகள் ஓடுகின்றன. இந்த ஒரு மாற்றத்தை எல்லாருக்கும் வலியுறுத்திச் சொல்வேன். இன்றும் வெளியீட்டுக்கு முன் புதிய மெய்நிகர் சூழலில் (மற்றவற்றிலிருந்து பிரிந்த தனிப் பைத்தான் சூழலில்) வீலை நிறுவி, கட்டளையை ஒருமுறை இயக்கிப் பார்க்கிறேன்.

பைத்தான் பதிப்புக்கு மேல்வரம்பு வைத்தது நான் செய்த இன்னொரு தவறு. 3.12-க்குக் கீழ் என்று எழுதியிருந்தேன். 3.12 வைத்திருந்தவர்களுக்கு எச்சரிக்கை ஏதும் வரவில்லை. தொகுப்புகளை நிறுவும் பிப் கருவி பின்னோக்கிச் சென்று, அந்த வரம்பு இல்லாத என் பழைய வெளியீட்டை நிறுவிவிட்டது. நான் எப்போதோ திருத்திய பிழைகளைப் பற்றி மீண்டும் புகார்கள் வந்த பிறகே காரணம் புரிந்தது. இப்போது கீழ்வரம்பை மட்டுமே எழுதுகிறேன்.

பதிப்பு எண்ணை டாமல் கோப்பில் மட்டும் வைத்து, நிரல் அதை நிறுவப்பட்ட தொகுப்பின் விவரத்திலிருந்து படிக்கும்படி செய்திருக்கிறேன். வீல் கோப்பின் பெயரிலும் அந்த எண் இடம்பெறும். பைத்தான் தொகுப்புகளை வெளியிடும் பைபிஐ தளத்தில் ஒருமுறை ஏற்றிய கோப்புப் பெயரை, அழித்தாலும் மறுபடி பயன்படுத்த முடியாது. ஆகவே ஏற்றுவதற்கு முன் நான் கடைசியாகச் சரிபார்ப்பது பதிப்பு எண் உள்ள அந்த ஒரு வரியைத்தான்.