அடி ரப்பர் கொள்ளாம், வார் கொள்ளாது: ஒரு ஜோடி சாண்டலும் நாலு தீவு நடையும்

ரப்பர் விசயத்துல என்னை ஏமாத்துறது கொஞ்சம் சிரமம். கன்னியாகுமரி மாவட்டம் அருமனை பக்கத்துல முக்கால் ஏக்கர்ல நூத்தி நாப்பது மூடு ரப்பர் நிக்குது. இருபத்தாறு வருசமா நானேதான் பால்வெட்டு. வெள்ளன நாலு மணிக்கு தலையில லைட்டைக் கட்டிட்டு இறங்கினா, சிரட்டையில இருந்து பால் எடுத்து, உறைய வச்சு, அடிச்சு ஷீட்டாக்கி, புகைப்புரையில தொங்கவிடுறது வரைக்கும் எனக்க கைதான். அதனால செருப்புக் கடையில போய் நின்னா நிறமும் பளபளப்பும் கண்ணுல படாது. கமத்திப் போட்டு அடியைத்தான் முதல்ல பாப்பேன்.

இப்ப சாண்டல் வாங்கின கதைக்கு வாறேன். எனக்க வீட்டுக்காரிக்க தம்பி, அதாவது எனக்க அளியன், அந்தமான்ல போர்ட் பிளேயர்ல இருக்கான். கட்டட வேலைக்குப் போனவன், முப்பது வருசம் தாண்டியாச்சு, அங்கேயே வீடு வச்சு இருந்துட்டான். (ஊருக்கு 2024-ல ஸ்ரீவிஜயபுரம்னு பேரு மாத்தியாச்சு. அளியன் வாயில இன்னும் போர்ட் பிளேயர்தான்.) ஜனவரியில வந்தே ஆவணும்னு பிடிவாதம் பிடிச்சான். "அளியா, இங்க பெரிய மலையேற்றம் ஒண்ணும் இல்ல, எல்லாம் அரைநாள் நடைதான். ஆனா உமக்க வள்ளிச் செருப்பைப் போட்டுட்டு வராதேயும்"னு போன்லயே சொல்லிட்டான். (வள்ளிச் செருப்புன்னா ஹவாய் செருப்பு.)

வீட்டுல ஒரு ஷூ கிடந்துது. ஆறு வருசத்துக்கு முந்தி மகன் வாங்கித் தந்தது. மொத்தம் நாலு கல்யாணத்துக்குப் போட்டிருப்பேன். அலமாரிக்கு மேல பெட்டியோட இருந்ததை எடுத்து மாட்டிட்டு முற்றத்துல பத்தடி நடந்தேன், அடி பழைய கேக்கு மாதிரி பொடிஞ்சு உதிர்ந்துட்டு. நல்ல ரப்பர் இப்பிடிப் பொடியாது. அது பாலியூரித்தேன். காத்துல உள்ள ஈரம் உள்ள இறங்கி அதை அறுத்துவிடும். நம்ம ஊர் மாதிரி வெக்கையும் ஈரமும் சேர்ந்த இடத்துல, போடாம பொத்திப் பொத்தி வச்சாலும் தன்னால போவும். கல்யாண ஷூ வச்சிருக்கவங்க இன்னைக்கே எடுத்து ஒருதரம் வளைச்சுப் பாருங்க.

சாண்டல் மார்த்தாண்டத்துல ஒரு கடையில வாங்கினது. கடை பேரும் கம்பெனி பேரும் எழுதப் போறதில்ல, ஏன்னு கடைசியில தெரியும். 2,100 சொன்னார், 1,850-க்குத் தந்தார். விரல் மூடினது, பக்கத்துல வெள்ளம் வடிய துளைகள், குதிகாலுக்குப் பின்னால ஒரு வார், அதை ஒட்ட வெல்க்ரோ. அடியில ரெண்டு அடுக்கு. மேல் அடுக்கு ஈ.வி.ஏ. நுரை, கீழ் அடுக்கு கறுத்த ரப்பர். பெருவிரல் நகத்தை அமுக்கிப் பாத்தேன். நுரையில நகத்தடம் அப்பிடியே நின்னுது, ரப்பர்ல உடனே மறைஞ்சுது. பல கடைகள்ல அடி மொத்தமும் நுரையா இருக்கும், மேல கறுப்புச் சாயம் மட்டும். கையில எடுத்தா பஞ்சு மாதிரி, நனைஞ்ச பாறையில கால் வச்சா சறுக்கும். நகத்தை அமுக்கினா கடைக்காரர் முகம் மாறும். மாறட்டும்.

அளவு எனக்கு எட்டரை. "எட்டு போதும் அண்ணாச்சி, போடப் போட இளகும்"னார். அங்கதான் நான் விழுந்தேன்.

ஊரை விட்டுப் போறதுக்கு முந்தி திற்பரப்புல போட்டுப் பாத்தேன். அருவிக்குக் கீழ நனைஞ்ச பாறையில ஆணி அடிச்ச மாதிரி நின்னுது. பாசி பிடிச்ச இடத்துல வழுக்கிச்சு, அதுக்கு செருப்பைக் குத்தம் சொல்லக்கூடாது. பாசி மேல எந்த ரப்பரும் நிக்காது. அடுத்த ஞாயிறு சிதறால் மலைக்கோயில் ஏறி இறங்கினேன், இறங்கும்போது பெருவிரல் முன்னால போய் இடிச்சுது. அப்பவே கடையில கொண்டு மாத்தியிருக்கணும். சோம்பல்.

அந்தமான்ல முதல் நடை சிடியா டாப்பு. தெற்கு அந்தமானுக்க தெக்கு முனை, ஊருல இருந்து இருபத்தஞ்சு கிலோமீட்டர் வாக்குல. கடற்கரையில இருந்து முண்டா பஹாடுங்கிற முனை வரைக்கும் காட்டுக்குள்ளால ஒரு ஒத்தையடிப் பாதை, ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். இடதுபக்கம் மரத்துக்கு ஊடால கடல் வந்து வந்து மறையும். வேர் நிறைஞ்ச காஞ்ச மண்ணு, சாண்டலுக்கு ஒரு சோதனையும் இல்ல. கரையில முதலை உண்டுன்னு பலகை வச்சிருக்கு, வெள்ளத்துல இறங்க நினைக்காதேயுங்க. ஒண்ணு மட்டும் கவனிக்கணும். அங்கயும் நம்ம கடிகாரம்தான், ஆனா தீவு நம்மளை விட பதினஞ்சு டிகிரி கிழக்கால கிடக்கு. அதனால மார்த்தாண்டத்துல சூரியன் விழுறதுக்கு ஒரு மணிக்கூருக்கு மேல முந்தி அங்க விழுந்துரும். ஜனவரியில அஞ்சேகால் அஞ்சரைக்கு கதை முடிஞ்சுது. "நாலு மணிக்குப் புறப்படலாம், சாயா குடிச்சுட்டுப் போலாம்"னு நம்ம ஊர் கணக்குல சொன்னது நான்தான். திரும்பி வரும்போது போன் வெளிச்சத்துல வேரைத் தேடித் தேடிக் கால் வச்சோம். பால்வெட்டு லைட்டு வீட்டுல கிடக்கு!

ரெண்டாவது மவுண்ட் ஹாரியட். 383 மீட்டர் உயரம். 1891-ல பிரிட்டிஷ்காரங்களோட சண்டை போட்டு நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் ஆட்கள் நினைவா 2021-ல மவுண்ட் மணிப்பூர்னு பேரு வச்சாச்சு. போர்ட் பிளேயர் சாத்தாம் துறையில இருந்து அக்கரை பாம்பூ பிளாட்டுக்கு வண்டியோட ஏத்துற படகு. மேல வரைக்கும் ரோடு உண்டு. பழைய இருபது ரூபாய் நோட்டுக்கு பின்பக்கம் தென்னையும் கடலுமா ஒரு படம் வருமே, அது இந்த மலையில இருந்து பாக்குற காட்சி. மேல நின்னு நோட்டைத் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுக்காத ஆள் இல்ல. நாங்களும் எடுத்தோம், அளியன் அதுக்குன்னு ஒரு பழைய நோட்டை மணிபர்ஸ்ல வச்சிருக்கான். வைஸ்ராய் மேயோ பிரபு 1872 பிப்ரவரி 8-ம் தேதி இந்த மலையில சூரியன் விழுறதைப் பாத்துட்டு இறங்கி, கீழ ஹோப்டவுன் துறையில படகு ஏறப் போகும்போதுதான் ஷேர் அலிங்கிற கைதி குத்திக் கொன்னான்.

அங்கயிருந்து காலாபத்தர் வரைக்கும் காட்டுப்பாதை, ரெண்டு கிலோமீட்டர் சொச்சம். கர்ஜன் மரமும் படாக்கும் வானத்தை அடைச்சு நிக்கும். படாக்கு மூட்டுல பலகை மாதிரி பக்கவேர் எழும்பி நிக்கிறதைப் பாத்தா எனக்க ரப்பர் எல்லாம் குச்சின்னு தோணும். வழி நல்ல வழி. செருப்பு இங்கதான் என்னைக் கைவிட்டுது. இறக்கத்துல கால் முன்னால தள்ளி, விரல் மூடின ரப்பர்ல இடிச்சு இடிச்சு, ராத்திரி பாத்தா இடது பெருவிரல் நகம் கறுத்துக் கிடக்கு. விரல் மூடின சாண்டல் எடுக்கவங்க அரை நம்பர் கூட்டி எடுக்கணும். வெறும் தரையில நின்னு பாக்காம, கடைப் படியில நாலு தடவை இறங்கிப் பாருங்க. கடைக்காரர் சொல்லுக்குக் காது குடுக்காதேயுங்க.

இனி ஹேவ்லாக், இப்ப ஸ்வராஜ் தீவு. எலிபெண்ட் பீச்சுக்கு படகுல பத்து இருபது நிமிசத்துல போகலாம், காட்டு வழியா நடந்தும் போகலாம். ராதாநகர் ரோட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர்தான். ஒரு பையனைத் துணைக்குக் கூட்டிட்டு காலையில எட்டு மணிக்கு இறங்கினோம். முந்தின நாள் ராத்திரி ஒரு மழை. பாதை செம்மண்ணுக் குழம்பு, நம்ம தோட்டத்துல ஆடி மாசம் எப்பிடி இருக்குமோ அப்பிடி. இந்த மண்ணுல அடியில உள்ள கட்டங்களுக்கு இடைவெளி போதாது. அம்பது அடியில மண்ணு அப்பி அடி வழவழன்னு ஆயிட்டு. பக்கத்துல ஒரு டெல்லிக்காரக் குடும்பம் வெள்ளை ஷூ போட்டு வந்தினும், அவங்களுக்கு நான் எவ்வளவோ தேவலை.

காடு முடிஞ்சு கண்டல், அதாவது அலையாத்திக் காடு, தொடங்குற இடத்துலதான் ரசம். அன்னைக்கு பௌர்ணமி. நம்ம கரையில கடல் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது, அதனால நாம நடக்கப் போகும்போது அதைப் பத்தி யோசிக்கதில்ல. அங்க பௌர்ணமி, அமாவாசை ஒட்டி ரெண்டு மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். நாங்க போன நேரம் முழு ஏத்தம். கடைசி நூறு நூத்தம்பது அடி தொடையளவு வெள்ளம், கீழ சேறு, சேத்துக்குள்ள கண்டல்வேர் குத்திக் குத்தி நிக்குது. அந்தக் குத்து ஒண்ணும் உள்ள ஏறல. இந்த ஒரு இடத்துக்காகவே 1,850 தகும். வள்ளிச் செருப்பு போட்டு வந்த ஒரு ஆளு கையில செருப்பைத் தூக்கிட்டு அம்மா அம்மான்னு நடந்தார்.

நடுவுல வச்சு எனக்க வலது வார் பிரிஞ்சுது. நனைஞ்ச வெல்க்ரோவுல மணல் புகுந்தா அது பிடிக்காது. கால் சேத்துல இருந்து வெளிய வந்துது, செருப்பு வரல. ரெண்டு நொடி கழிச்சு அது தன்னால மேல வந்து மிதந்து கண்டலைப் பாத்துப் போகுது. அடி ரப்பர் மட்டும்னா முங்கியிருக்கும். பச்சை ரப்பர் மிதக்கும், ஆனா கரி சேத்து வல்கனைஸ் பண்ணின ரப்பர் முங்கும். நுரை அடுக்கு இருந்ததால தப்பிச்சுது. நான் கடையில நுரையைப் பழிச்சதை வீட்டுக்காரி மறக்கல. ஒரு கம்பை எடுத்து செருப்பைத் தோண்டி இழுத்துத் தந்துட்டு, "உங்க ரப்பர் சாஸ்திரம் எங்க போச்சு?"ன்னு கேட்டா.

கரையில தலையில்லாத வெளுத்த மரங்க. 2004 சுனாமி கொண்டுபோன காடு. குளச்சலும் கொட்டில்பாடும் ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல.

கடைசி நடை நீல் தீவு, அதாவது ஷகீத் தீவு. லட்சுமண்பூர் பக்கம் கடல் குடைஞ்ச பாறை வளைவு ஒண்ணு உண்டு. தீவுல குடியேறின வங்காளிகள் அதை ஹவுரா பாலம்னு சொல்லுவினும். வத்தத்துல மட்டும்தான் கிட்டப் போக முடியும், அதனால அளியன் நேரத்தை முந்தியே கேட்டு வச்சான். சாயந்தரம் மூணரை. நடை அரைமணிக்கூர் கூட இல்ல, ஆனா நாலு நடையில காலுக்கு இதுதான் கஷ்டம். தரை முழுக்க செத்த பவளம், சிரட்டையை உடைச்சுப் போட்ட மாதிரி விளிம்பு. கறுத்த ரப்பர் இங்க பொன்னு மாதிரி. ஒரு இடத்துலயும் சறுக்கல, ஒரு கூர்மையும் காலைத் தொடல. ஆனா ஒரு மனவருத்தம். அடி அவ்வளவு கனமா இருந்தா எதை மிதிக்கோம்னு காலுக்குத் தெரியாது. கூட வந்த பையன் ரெண்டு தடவை கையைப் பிடிச்சு நிறுத்தினான். குழியில கிடந்த வெள்ளத்துக்குள்ள உயிருள்ள பவளம், மிதிச்சா செத்துப் போவும். மணல் தெரியுற இடத்துல மட்டும் கால் வைக்கச் சொன்னான். அதுக்குப் பிறகு குனிஞ்சுதான் நடந்தேன், குழிக்குள்ள நீல உதடு வச்ச ஒரு சிப்பி வாயை மூடுறதையும் அதனாலதான் பாத்தேன். செத்த பவளமானாலும் ஒரு துண்டு கூட எடுத்துட்டு வராதேயுங்க. சட்டப்படி குத்தம், விமான நிலையத்துல பெட்டியைத் திறந்து பாக்குதினும்.

இன்னொரு குறை. சாயந்தரம் கரையில மணல் ஈ கடிக்கும். வெள்ளம் வடியுற துளை வழியாவும் கடிக்கும். பாதத்துல துளை துளையா சிவப்பு, ஊருக்கு வந்து ஒரு வாரம் சொறிஞ்சேன். தேங்காய் எண்ணெய் தடவிட்டுப் போனா கொஞ்சம் தாங்கும்னு அளியன் பெண்டாட்டி கடைசி நாள் சொல்றா.

நிக்கோபார்ல உள்ள கச்சால் தீவுல ரப்பர் தோட்டம் உண்டு, சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில இருந்து வந்த தமிழ்க் குடும்பங்களை அங்க குடிவச்சினும். போய் அவங்க எப்பிடி வெட்டுதாங்கன்னு பாக்க வல்லாத்த ஆசை. நிக்கோபார் பக்கம் சும்மா போக விடமாட்டாங்க, தனி அனுமதி வேணும். அது நடக்கல.

திரும்பி வந்து வாரைக் காட்ட கடைக்குப் போனேன். "கடல் வெள்ளத்துல போட்டா நாங்க பொறுப்பில்ல அண்ணாச்சி"ன்னார். பக்கத்துல வெள்ளம் வடிய துளை போட்ட செருப்பை வேற எங்க போடுறதாம்? பில்லைத் திருப்பிப் பாத்தேன், அப்பிடி ஒரு வரியும் இல்ல. வாய்த்தகராறுக்கு நிக்காம, குழித்துறையில செருப்பு தைக்கிற ஒரு பெரியவர்கிட்ட குடுத்தேன். வெல்க்ரோவைக் கீறி எடுத்துட்டு பழைய பையில இருந்து ரெண்டு கொக்கியை வச்சுத் தைச்சார். எழுபது ரூபாய். இப்ப பிரியவே பிரியாது.

அடி இன்னும் தேயல. இப்ப அதைப் போட்டுத்தான் வெள்ளன பால்வெட்டுக்கு இறங்குறேன், ஒட்டுப்பால் ஒட்டினா உரிச்சு எடுத்தாப் போதும். நகம் மட்டும் விழுந்து புதுசு முளைக்குது. வீட்டுக்காரிக்கும் ஒரு ஜோடி வேணுமாம், அவளுக்கு ஒரு நம்பர் கூட்டி எடுக்கணும்னு வேற கடையில கேட்டு வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை சரக்கு வரும்னார். மூணு வெள்ளி போச்சு.