காரைக்குடியிலிருந்து காட்டுக்கு: புலியா, யானையா, வெளிமானா?

எங்கள் வீட்டு நிலைக்கு மேலே மரத்தில் செதுக்கிய இரண்டு யாளிகள் உண்டு. அவற்றைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் போன லீவில் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள்: கூண்டில் இல்லாத நிஜ மிருகம் பார்க்க வேண்டும், அதுவும் சஃபாரி போய்த்தான் பார்க்க வேண்டும். சஃபாரி என்பது ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி மொழியில் சும்மா பயணம்தான். அரபியின் சஃபரிலிருந்து வந்த சொல். நம் கடலோர முஸ்லிம் ஊர்களில் அக்கரைக்குப் பிழைக்கப் போவதை 'சபுர்' என்பார்களே, அதேதான். நம் அய்யாக்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் 'கொண்டுவிக்க', அதாவது தொழில் செய்ய, போனதைக்கூட சஃபாரி என்று சொல்லிக்கொள்ளலாம்!

சரி, எந்தக் காட்டுக்குப் போவது? ஊரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அங்கே என்ன தெரியும் என்று விசாரிப்பதுதான் எல்லோரும் செய்வது. நானும் அப்படித்தான் சில வருஷம் பெட்ரோலைக் கரைத்தேன். எந்த மிருகம் என்று முதலில் முடிவு செய்தால் ஊர் தானாக அமைந்துவிடும்.

புலிதான் வேண்டும் என்றால் முதுமலை. 1940இலேயே சரணாலயமானது, 321 சதுர கிலோமீட்டர், பக்கத்திலேயே பந்திப்பூரும் வயநாடும். புலிக்கு அங்கே குறைவில்லை. நமக்குத் தெரிவதுதான் குறைவு. இரண்டு பயணத்தில் நான்கு முறை வனத்துறை வேனில் ஏறினேன். கண்டது ஈர மண்ணில் ஒரு காலடித் தடம், அவ்வளவுதான். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் மந்தி முதலில் குரல் கொடுக்கும், கீழே புள்ளிமான் கூவும், டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார். சரியாக அந்த நேரத்தில் பின் சீட்டில் யாராவது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பார்கள்.

ஆனால் புலியை மறந்துவிட்டுப் போனால் முதுமலை கைவிடாது. புள்ளிமான் கூட்டம் கூட்டமாக நிற்கும். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி போகும் சாலையிலேயே, வேன் டிக்கெட் இல்லாமலே, யானை தெரிவதுண்டு. வண்டியை மட்டும் நிறுத்தக் கூடாது. ஒருமுறை ஏழு செந்நாய்கள் எங்கள் வேனுக்கு முன்னால் சாலையைக் கடந்தன. பிள்ளைகள், "நாய்தானே" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அது. கூட்டம் சிதறினால் ஒன்றையொன்று விசில் அடித்துக் கூப்பிட்டுச் சேர்ந்துகொள்ளும்.

யானைதான் ஆசை என்றால் நான் தேக்கடிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். மதுரை, தேனி, கம்பம் என்று போய்க் குமுளி ஏறினால் தீர்ந்தது. முதுமலைக்கு ஆகும் தூரத்தில் கிட்டத்தட்டப் பாதி. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை தேக்கிய நீர்தான் அங்கே நாம் படகில் போய் விலங்கு பார்க்கும் ஏரி. அந்தத் தண்ணீர்தான் நம் சிவகங்கைச் சீமை வரை பாய்கிறது என்று சொன்னபோது அப்பத்தாவுக்குப் படகின்மேல் திடீரென்று ஒரு உரிமை வந்துவிட்டது. அன்று மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் நீருக்கு மேல் நிற்கின்றன, அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்கின்றன.

வேனுக்கும் படகுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. வேனில் நாம் விலங்கைத் தேடிப் போகிறோம், நடுவில் புதர் மறைக்கும். படகில் கரை முழுக்கத் திறந்து கிடக்கிறது, தாகம் எடுத்தால் அதுவே வந்துதான் ஆக வேண்டும். அதனால் மாசி, பங்குனி வெயிலில் போங்கள். மழைக்காலத்தில் காட்டுக்குள் எங்கும் தண்ணீர் கிடக்கும்போது ஏரிக்கரைக்கு அது ஏன் வரப்போகிறது? எங்களுக்குக் குட்டியோடு ஒரு யானைக் கூட்டம், கடமான்கள், ஒரு காட்டுமாடு கிடைத்தன. பலகையில் காட்டெருமை என்று எழுதியிருந்தாலும் அது எருமை இல்லை, காட்டுமாடு என்று மலைக்காரர்கள் சொல்வதே சரி. நன்கு வளர்ந்த காளை ஒரு டன் எடையைத் தொடும். நீர்நாய் தெரிந்தால் யோகம். குறை என்றால், படகில் கூட்டம் அதிகம், சத்தமும் அதிகம். காலையின் முதல் படகுக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள், மற்றவை வெறும் ஏரிச் சவாரி.

வால்பாறை இந்தப் போட்டியில் ஓரமாக வந்து நின்று ஜெயிக்கும் ஆள். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. பிள்ளைகளுக்கு வாந்தி நிச்சயம், எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும் வழியிலேயே பாறை விளிம்பில் வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறு எங்கும் இல்லாதது. மூணாறு பக்கம் இரவிகுளத்திலும் அருகில் பார்க்கலாம்தான், ஆனால் அது குட்டி போடும் பருவத்தில் பூங்காவையே மூடிவிடுவார்கள். வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, சாலையோரத்துக்கே வரும். தீனி மட்டும் போடாதீர்கள். சஃபாரி வேன் எதுவும் தேவையில்லாமல் இரண்டு அபூர்வ விலங்குகள். அதே ஆனைமலையில் டாப்ஸ்லிப்பும் உண்டு. வெட்டிய தேக்கை மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால் வந்த பெயராம். பர்மா தேக்குத் தூண்களுக்கு நடுவே பிறந்த நமக்கு இதைக் கேட்டதும் ஒரு தனிக் குஷி.

வயதானவர்களும் கைக்குழந்தையும் கூட வந்தால் மலையே வேண்டாம், கிழக்கே திரும்புங்கள். கோடியக்கரை. வெளிமானுக்கு ஒளிந்துகொள்ளத் தெரியாது, வெட்ட வெளியில்தான் மேயும். முறுக்குக் கொம்போடு கறுப்பாக இருப்பது கடா, கொம்பில்லாமல் பழுப்பாக இருப்பது பெட்டை. அது துள்ளித் துள்ளி ஓடியதைப் பார்த்த பிறகு என் சின்னவன் புலியைப் பற்றிப் பேசவே இல்லை. காட்டில் குதிரைகளும் திரியும், அவை காட்டுக் குதிரை அல்ல, எப்போதோ மனிதர் விட்டுப்போனவற்றின் வழி வந்தவை. குளிர்காலமானால் உப்பு நீரில் பூநாரையும் சேர்ந்துகொள்ளும்.

இத்தனைக்கும் லீவு கிடைக்காதவர்களுக்கு வேட்டங்குடி இருக்கிறது. நம்ம திருப்பத்தூரைத் தாண்டி மதுரை சாலையில். 1977இல் பறவைகள் சரணாலயமானது. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், வக்கா, சாம்பல் நாரை எல்லாம் கண்மாய் மரங்களில் கூடு கட்டும். பறவைகள் மிரளக் கூடாது என்று பக்கத்துக் கொல்லுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. கார்த்திகை முதல் மாசி வரை போகலாம். கண்மாய் நிறையாத வருஷம் பறவையும் வராது. அதனால் கிளம்பும் முன் அந்தப் பக்கத்து ஆள் யாருக்காவது ஒரு போன் போட்டுத் தண்ணீர் கிடக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.