நாலையும் ஒரே நாளில் மாட்டினேன்: காம்பவுண்ட் வில்லோடு 14 மாதம்

டிராப்-அவே ரெஸ்ட் (அம்பைத் தாங்கி, விட்டதும் கீழே விழுந்து வழிவிடும் கை), ஐந்து பின் சைட் (குறிபார்க்க ஐந்து சிறு முட்கள் கொண்ட கருவி), புது பீப் (நாணில் பொருத்தி, கண் வைத்துப் பார்க்கும் சிறு ஓட்டை), முன்னும் பின்னும் ஸ்டெபிலைசர் (வில்லை அசையாமல் நிறுத்தும் எடைக்கம்பி). பெட்டி பிரித்த ஆசையில் எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் என் காம்பவுண்ட் வில்லில் (இரு முனையிலும் சக்கரமும் கேபிளும் வைத்த வில்) ஏற்றிவிட்டேன். முதல் இரண்டு மாதம் அதற்கான தண்டனை. அம்பு தப்பினால் எதைத் திட்டுவது என்றே தெரியாது. இன்று செய்வதானால் ரெஸ்ட், டி-லூப் (நாணில் அம்பு பொருந்தும் இடத்தில் கட்டும் சிறு கயிற்று வளையம்), பேப்பர் டியூனிங் (காகிதத்தில் எய்து, கிழிசலைப் பார்த்துச் சரிசெய்வது) முடிந்த பிறகுதான் சைட் பெட்டியையே திறப்பேன்.

அதிகம் படுத்தியது ரெஸ்ட். ரைசரிலிருந்து (வில்லின் நடுவிலுள்ள கைப்பிடிப் பகுதி) அம்பின் நடுப்பகுதிவரை 13/16 அங்குலம் (சுமார் 20.6 மி.மீ.) வைத்துத் தொடங்கினேன். பல வில்களுக்கு இது நல்ல ஆரம்பம். உங்கள் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே கேளுங்கள். ஆறடி தள்ளி நின்று காகிதத்தில் எய்தால், முனை போட்ட ஓட்டைக்கு மேலே அரை அங்குலம் கிழிசல். வால் தூக்கிப் போகிறது, ரெஸ்டை உயர்த்து என்பது பாடம். உயர்த்தினேன், இன்னும் உயர்த்தினேன், கிழிசல் அசையவில்லை. கடைசியில் அம்பின் வேன்களில் (வால் இறகுகள்) முகப்பவுடரைத் தடவி எய்தேன். கீழ் வேனில் நகத்தால் கீறினாற்போல் ஒரு கோடு, ரெஸ்டின் கையில் வெள்ளைத் தடம். ரெஸ்டைத் தூக்கக் கேபிளோடு கட்டிய கயிறு குட்டையாகிவிட்டது. இழுக்கும்போது ரெஸ்டின் கை சீக்கிரமே எழுந்து நிற்கிறது. விடும்போது விழத் தாமதிக்கிறது. வேன் அதில் இடிக்கிறது. இழுவையின் கடைசி இரண்டு அங்குலத்தில்தான் கை முழுதாக எழும்படி கயிற்றை நீட்டி, ரெஸ்டையும் பழைய உயரத்துக்கே இறக்கினேன். அடுத்த அம்பில் ஒற்றை ஓட்டை. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

பீப் கதை வேறு. நாணும் புதிது என்பதால் முதல் இருநூறு அம்புவரை இழை நீண்டுகொண்டே இருந்தது. முழுதாக இழுத்தால் பீப் கால் சுற்று திரும்பி, ஓட்டைக்குப் பதில் அதன் விளிம்பு தெரியும். நாண் அடங்கியபின், பீப்பின் ஒரு பக்க இழைகளில் ஒன்றை மறுபக்கம் மாற்றியதும் சரியானது. இதற்கு வில்லை பிரஸ்ஸில் (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) ஏற்ற வேண்டும். பிரஸ் இல்லாமல் நாணைப் பிரிக்கப் பார்ப்பது விரலுக்கும் வில்லுக்கும் ஆபத்து.

சைட்டைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. அம்பு இடப்பக்கம் போனால் பின்னையும் இடப்பக்கம் நகர்த்து என்பதை மட்டும் மனம் ஏற்க நாளாயிற்று. ஆனால் சரிவில் நின்று கீழ்நோக்கி எய்தபோது எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. சைட்டிலுள்ள மட்டக்குமிழ் நடுவில்தான் இருந்தது! மூன்றாம் அச்சை (சரிவில் எய்யும்போதும் குமிழ் சரியாகக் காட்டுவதற்கான சைட் அமைப்பு) சரிசெய்யாமல் விட்டிருந்தேன். சமதரையில் இந்தத் தவறு கண்ணில் படவே படாது. ஏழாம் மாதம் அதிர்வில் ஒரு பின்னின் திருகு தளர்ந்தது. அன்று முதல் எல்லாத் திருகிலும் நீலநிற திரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, தலைமேல் வெள்ளி மையால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது.

ஸ்டெபிலைசரில் முன்கம்பியைவிடப் பின்கம்பிதான் எனக்கு உதவியது. சைட்டும் அம்புக்கூடும் வலப்பக்கம் தொங்குவதால் வில் அந்தப் பக்கமே சாயும். பின்கம்பியை இடப்பக்கம் விரித்து வைத்ததும் குமிழ் தானாக நடுவுக்கு வந்தது. எடையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, தோள் வலித்ததும் பாதியைக் கழற்றிவிட்டேன்.

இப்போது டி-லூப் பக்கத்து சர்விங்கில் (நாணைச் சுற்றிய காப்பு நூல்) இழை பிரியத் தொடங்கியிருக்கிறது. நாணை மாற்றுமுன் பீப்பின் உயரத்தையும் லூப்பின் இடத்தையும் அளந்து, வில்பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.