மண்டபச் சுவரில் ஆறு பட்டன்: டாலி பேனலோடு சில ஆண்டுகள்

நான் பார்த்துக்கொள்ளும் கல்யாண மண்டபத்தில், மேடையோரச் சுவரிலிருந்த சுவிட்சு வரிசையை எடுத்துவிட்டு ஆறு பட்டன் கொண்ட டாலி பேனலைப் பொருத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. டாலி (DALI) என்பது விளக்குகளை டிஜிட்டல் கட்டளையால் இயக்கும் பொதுவான முறை. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், பேனலின் அழகைப் பார்ப்பதற்கு முன் அதை அமைத்துத் தருபவரைப் பாருங்கள் என்பேன்.

இந்தப் பட்டன் வழியாக விளக்குக்கான மின்சாரம் போவதில்லை. "மூன்றாம் சீனுக்குப் போ" என்ற கட்டளை மட்டும் இரண்டு வயரில் போகிறது. சீன் என்பது எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்து வைத்த அமைப்பு. அந்தச் சீனில் எவ்வளவு வெளிச்சம் என்பது ஒவ்வொரு விளக்கின் டிரைவருக்குள்ளும், அதாவது அதற்கு மின்சாரத்தை அளந்து தரும் கருவிக்குள்ளும், பதிந்திருக்கிறது. ஒரு லைனில் 64 டிரைவர்கள், 16 குழுக்கள், 16 சீன்கள் வரை அடங்கும். வயரில் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டியதில்லை. ஓடுவது சுமார் 16 வோல்ட்தான் என்றாலும், 230 வோல்ட் வயரோடு ஒரே குழாயில் போகக்கூடியது என்பதால் மெயின் வயருக்குத் தரும் மரியாதையை இதற்கும் தர வேண்டும்.

ஒவ்வொரு டிரைவருக்கும் முகவரி எண் கொடுக்கும் வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். எண்கள் தாறுமாறாக விழும். மேடை விளக்கு 37 என்றால் பக்கத்து விளக்கு 2 ஆக இருக்கும். ஒருவர் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகச் சிமிட்ட வைக்க, இன்னொருவர் வரைபடத்தில் குறித்துக்கொண்டே நடக்க வேண்டும். வெளிச்ச அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உச்சம் 254. பாதி வேண்டுமென்று 127 கொடுத்தால் கிடைப்பது சுமார் 3 சதவீதம். உண்மையான பாதி 229. கண் வெளிச்சத்தை உணரும் விதத்தை ஒட்டி வகுத்த கணக்கு இது.

பட்டன்களுக்கு விளக்கின் பெயரை வைக்காமல் வேலையின் பெயரை வைத்தோம்: வரவேற்பு, முகூர்த்தம், வீடியோ, துப்புரவு, இரவு, அணை. புதிதாக வரும் வாட்ச்மேன்கூட யாரையும் கேட்பதில்லை. விற்றவர் 8 நொடியில் மெல்ல மாறும்படி வைத்துக் காட்டினார். பார்க்க அழகுதான், ஆனால் அழுத்தியவர், வேலை செய்யவில்லை என்று நினைத்து அடுத்த பட்டனையும் அழுத்திவிடுவார். 2 நொடிக்குக் குறைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

நம் ஊருக்கு முக்கியமான அமைப்பு ஒன்றைப் பலர் தொடுவதேயில்லை. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் எல்லா விளக்குகளும் முழு வெளிச்சத்தில் எரியும். டிரைவர்கள் கம்பெனியிலிருந்து அப்படித்தான் வருகின்றன. டாலியின் புதிய பதிப்பான டாலி-2 டிரைவரில் மின்சாரம் திரும்பும்போதைய அளவை 255 என்ற தனிக்குறியீட்டுக்கு மாற்றினால், முன்பிருந்த அளவுக்கே வந்து நிற்கும்.

டிரைவர் பழுதானால்தான் சிக்கல். புதிதாகப் போட்டதற்கு முகவரியும் இல்லை, சீனும் இல்லை. எங்கள் மண்டபத்தில் அது "அணை" பட்டனுக்கு மட்டும் அடங்கியது, மற்றவற்றுக்கு அசையவில்லை. அமைத்துத் தந்த நிறுவனமோ இந்த அமைப்பு விவரங்கள் அடங்கிய கோப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருகைக்கும் காசு கேட்டது. கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கோப்பையும் முகவரி வரைபடத்தையும் கையில் வாங்கிவிடுங்கள்.