பழைய லப்டொப்புக்கு ஹைபிரிட்டா, எஸ்எஸ்டியா? சில ஆண்டுப் பாவனையில் தெரிவது

2010ஐ ஒட்டிய, சாட்டா 2 (தட்டைப் பூட்டும் பழைய ரக இணைப்பு) உள்ள லப்டொப்புக்கு ஹைபிரிட் வன்தட்டு, அதாவது சுழலும் தட்டோடு கொஞ்சம் பிளாஷ் சிப்பும் சேர்ந்தது, வேண்டாம். சுழலும் பாகமே இல்லாத, முழுக்கப் பிளாஷ் சிப்பான எஸ்எஸ்டியைப் போடுங்கள். ஹைபிரிட் முதல் மாதம் ஏமாற்றிவிடும். உள்ளே இருக்கிற 8 ஜிபி பிளாஷ், அடிக்கடி வாசிக்கும் கோப்புகளைப் பழகிக்கொள்ளும். நாலைந்து தடவை போட்டு நிறுத்தியதும் விண்டோஸ் கெதியாக எழும்பும். பெரிய அப்டேட் ஒன்று வந்தால் கோப்புகள் மாறிவிடும், பழக்கம் திரும்ப முதலிலிருந்து. எழுதும் வேலையோ பெரும்பாலும் சுழலும் தட்டுக்குத்தான். 2 ஜிபி ராம் நிரம்பித் தட்டில் எழுதத் தொடங்கினால் பழைய ஹாட் டிஸ்க்கின் இழுவைதான்.

"சாட்டா 2 இல் எஸ்எஸ்டி வீண்" என்பார்கள். நொடிக்கு 500 எம்பி வேகம் 270 அளவுக்கு இறங்குவது உண்மை. ஆனால் கணினி இழுபடுவது தட்டின் ஊசி கோப்பைத் தேடும் 10, 15 மில்லி செக்கனால். எஸ்எஸ்டியில் அது 0.1தான்.

எஸ்எஸ்டியைப் பூட்டுமுன் பயோஸில் (விண்டோஸுக்கு முன்னே வரும் அமைப்புத் திரை) தட்டோடு பேசும் முறை பழைய ஐடிஈ என்றிருந்தால் அதைப் புதிய ஏஎச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் 10 ஏற்கெனவே இருந்தால், சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை) எழும்பும்படி வைத்துவிட்டு மாற்றவேண்டும். நேரே மாற்றினால் நீலத்திரை. 7 மிமீ எஸ்எஸ்டி 9.5 மிமீ இடத்தில் ஆடும், பிளாஸ்டிக் சட்டம் ஒட்டுங்கள். டிவிடி டிரைவைக் கழற்றி, பழைய தட்டை கேடியில் (அந்த இடத்தில் தட்டைப் பொருத்தும் சட்டம்) போடலாம். கேடி 9.5, 12.7 மிமீ என இரண்டு தடிப்பில் வரும். அளக்காமல் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடைக்குப் போனால் இரண்டாம் தடவையும் போகவேண்டிவரும்.

தேய்மானப் பயம் தேவையில்லை. 240 ஜிபி மலிவு எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 80 டெராபைட் (80,000 ஜிபி) எழுதும்வரை உத்தரவாதம். நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் பத்து வருடம் தாண்டும். கெடுப்பது வேறு இரண்டு. ஒன்று, நிரப்பிவைப்பது: ஐந்தில் ஒரு பங்கு காலியாக இல்லாவிட்டால் டிராம் (எஸ்எஸ்டிக்குள் இருக்கும் வேக நினைவகச் சிப்) இல்லாத மலிவு ரகங்கள் திணறும். மற்றது கரண்ட். பற்றரி செத்த லப்டொப்பை நேரே பிளக்கில் ஓட்டி, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அடுத்தமுறை எஸ்எஸ்டி கணினிக்குத் தெரியாமலே போகலாம். பயோஸ் திரையில் அரை மணித்தியாலம் சும்மா விட்டால் சிலவேளை மீளும். எறியுமுன் அதைச் செய்து பாருங்கள். நல்ல பற்றரியோ யுபிஎஸ்ஸோ எஸ்எஸ்டியோடு சேர்ந்த செலவுதான்.

பழைய தட்டைக் குளோன் செய்யுமுன் (அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுக்குமுன்) தட்டின் நலம் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பெண்டிங் செக்ரர், அதாவது வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை பாருங்கள். பூச்சியம் இல்லையென்றால் குளோன் இடையில் நிற்கக்கூடும். வேண்டிய கோப்புகளை மட்டும் எடுத்து, விண்டோஸைப் புதிதாகவே போடுங்கள்; அந்தத் தட்டைக் கேடியிலும் வைக்கவேண்டாம்.