டார்க்டேபிள்: எடிட்டிங்கை விடுங்க, கலரும் எக்ஸ்போர்ட்டும் எப்படி இருக்கு?

டார்க்டேபிள்ங்கிற ஃபோட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரைப் பத்தி யாரைக் கேட்டாலும் "ஃப்ரீ லைட்ரூம்பா"ன்னு (லைட்ரூம்ங்கிறது அடோபியோட காசு கட்டுற எடிட்டர்) ஒரே வார்த்தைல முடிச்சுடுறாங்க, இல்லன்னா எந்த மாட்யூலை (எடிட்டிங் டூலை) எவ்ளோ ஏத்தணும்னு ஆரம்பிச்சுடுறாங்க. எனக்கு அதுல முக்கியமா படுறது வேற. கலரை அது எப்படிக் கையாளுது, கடைசில ஃபைலை வெளிய எடுக்கும்போது என்ன பண்ணுது, இந்த ரெண்டும்தான். நான் எடுக்கிறது பெரும்பாலும் புடவை, ஆன்லைன்ல விக்கிறவங்களுக்காக. அதுல கலர் கொஞ்சம் இப்படி அப்படி ஆனாலும் போதும், "ஃபோட்டோல வாடாமல்லி, கைக்கு வந்தது ரோஸ்"னு பார்சல் திரும்பி வந்துடும். அதனால இந்த ரிவ்யூ அந்த ரெண்டைப் பத்தி மட்டும்தான், நாய்ஸ் ரிடக்‌ஷன் எப்படின்னு கேக்காதீங்க.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: ஓப்பன் சோர்ஸ், 2009ல யோஹன்னஸ் ஹனிகா ஆரம்பிச்சது, ரொம்ப நாள் லினக்ஸ் ஆளுங்க சமாச்சாரமாவே இருந்துச்சு, விண்டோஸுக்கு 2017 டிசம்பர்ல 2.4 வெர்ஷன்லதான் வந்தது. காசு கிடையாது, மாசாமாசம் சந்தாவும் கிடையாது.

இப்ப கலர். ரா ஃபைலை (கேமரா பதிவு பண்ண பதப்படுத்தாத ஒரிஜினல்) திறந்ததும் அதை லீனியர் ரெக்2020ன்னு ஒரு பெரிய கலர் ஸ்பேஸுக்கு (எவ்ளோ கலர் அடங்கும்ங்கிற எல்லை) மாத்திட்டு அங்க வச்சுதான் முக்கால்வாசி வேலையும் நடக்குது, வெப்லயும் சாதா ஸ்க்ரீன்லயும் ஓடுற சின்ன ஸ்பேஸான எஸ்ஆர்ஜிபிக்கு சுருக்குறது எல்லாம் கடைசி கட்டத்துலதான். இதனால என்ன லாபம்னா நடுவுல எங்கயும் கலர் அடிபட்டுப் போறதில்ல. எஸ்ஆர்ஜிபிங்கிறது 1996ல ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து அந்தக் காலத்து குண்டு மானிட்டரை வச்சு முடிவு பண்ண ஒண்ணு, பட்டு நூலுக்குப் போடுற சாயத்தை நினைச்சு யாரும் பண்ணல. நல்ல வாடாமல்லி, மயில் கழுத்து மாதிரி கலர் எல்லாம் அதுக்குள்ள முழுசா அடங்காது, எங்கயோ ஒரு இடத்துல வெட்டித்தான் ஆகணும். எங்க வெட்டுப்படுதுன்னு நமக்குத் தெரியணும், அவ்ளோதான் கேள்வி.

அதுக்கு டார்க்ரூம்ல (எடிட் பண்ற பக்கம்) கீழ ரெண்டு குட்டி பட்டன் இருக்கு. கன்ட்ரோல் எஸ் அடிச்சா சாஃப்ட் ப்ரூஃப் (வெளிய போற ஃபைல் எப்படித் தெரியும்னு முன்னோட்டம்), கன்ட்ரோல் ஜி அடிச்சா கேமட் செக். கேமட் செக் போட்டா நாம தேர்ந்தெடுத்த ப்ரொஃபைலுக்குள்ள (ஒரு ஸ்க்ரீனோ பேப்பரோ ஸ்பேஸோ காட்டக்கூடிய கலரோட விவரம்) அடங்காத இடத்தை எல்லாம் பளீர்னு சயான்ல (பச்சை கலந்த நீலம்) காட்டும். முந்தானைல மடிப்புல எல்லாம் சயான் தெறிக்குதா, அந்தக் கலர்ல மட்டும் செறிவைக் கொஞ்சம் இறக்கிட்டா மடிப்போட நெளிவு சுளிவு திரும்ப வந்துடும், இல்லன்னா சப்பையா ஒரே பட்டையா தெரியும். ஒரே ஒரு காமெடி, மயில் கழுத்து புடவைல அந்த சயான் மார்க்கை பூதக்கண்ணாடி வச்சுத்தான் தேடணும், வேற கலர் வச்சிருக்கலாம்யா.

அந்தப் பட்டனை ரைட் க்ளிக் பண்ணா மானிட்டர் ப்ரொஃபைல், ப்ரூஃப் ப்ரொஃபைல், ஹிஸ்டோகிராம் ப்ரொஃபைல்னு தனித்தனியா கேக்கும். இது நிறைய பேர் கண்ணுலயே படாது. மானிட்டர் ப்ரொஃபைலை சிஸ்டம்ல இருந்து எடுக்க விடுங்க, ஆனா அந்த சிஸ்டம் ப்ரொஃபைல் ஒழுங்கா காலிப்ரேட் பண்ணி, அதாவது மீட்டரால ஸ்க்ரீன் கலரை அளந்து, எடுத்ததா இருக்கணும், இல்லன்னா இத்தனை கதையும் வேஸ்ட். மீட்டர் வாங்க வசதி இல்லன்னா தெரிஞ்ச ஸ்டூடியோல கேட்டு கொஞ்ச நேரத்துக்கு வாங்கிட்டு வந்தாவது பண்ணிடுங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது கலர் காலிப்ரேஷன் மாட்யூல், 3.4ல வந்தது. அதே லைட்டுல 24 கட்டம் இருக்கிற கலர் செக்கர் அட்டையை ஒரு ஷாட் எடுத்து, கட்டத்து மேல ஃப்ரேமைப் பொருத்தி விட்டா அதுவே கணக்குப் போட்டு, டெல்டா ஈன்னு (அட்டையோட நிஜக் கலருக்கும் ஃபோட்டோல வர்றதுக்கும் உள்ள வித்தியாசம்) ஒரு நம்பரையும் காட்டும். நம்பர் சின்னதா இருக்கிற வரைக்கும் நிம்மதி. மலிவு எல்இடி லைட்டுல எடுக்கிறவங்களுக்கு இது ஒண்ணுக்காகவே இந்த சாஃப்ட்வேர் வொர்த். ஒண்ணு மட்டும் கவனிங்க, பழைய வொயிட் பேலன்ஸ் மாட்யூலை (வெள்ளையை வெள்ளையாக் காட்ட லைட்டோட சாயலைக் கழிக்கிறது) "கேமரா ரெஃபரன்ஸ்" செட்டிங்லயே விட்டுடணும், அதையும் திருகினா ரெண்டு தடவை வொயிட் பேலன்ஸ் போட்ட மாதிரி ஆயிடும், மாட்யூலே வார்னிங் கொடுக்கும்.

சரி, எக்ஸ்போர்ட். இங்கதான் புதுசா வர்றவங்க முழிப்பாங்க, ஏன்னா ப்ரொஃபைல் தேர்ந்தெடுக்க ரெண்டு இடம் இருக்கு. டார்க்ரூம்ல அவுட்புட் கலர் ப்ரொஃபைல்னு ஒரு மாட்யூல், எக்ஸ்போர்ட் பேனல்ல இன்னொரு ப்ரொஃபைல் பாக்ஸ். எக்ஸ்போர்ட்ல "இமேஜ் செட்டிங்ஸ்"னு விட்டா மாட்யூல்ல இருக்கிறது செல்லும், வேற எதையாவது வச்சா எக்ஸ்போர்ட் சொல்றதுதான் செல்லும். ஏன் இப்படி வச்சாங்கன்னு லாஜிக் இருக்கு, ஆனா பழகாத ஆளுக்கு வீண் குழப்பம்தான். வெப்புக்கோ ஆல்பம் லேபுக்கோ போறதா இருந்தா எஸ்ஆர்ஜிபிதான், யோசிக்காதீங்க. எஸ்ஆர்ஜிபியை விடப் பெரிய ஸ்பேஸான அடோபி ஆர்ஜிபில கொடுத்தா இன்னும் நல்லா வரும்னு சிலர் சொல்லுவாங்க, வாங்குற மெஷின் ப்ரொஃபைலைப் படிக்காம விட்டா அதே நம்பரை சின்ன ஸ்பேஸ் நம்பரா எடுத்துக்கும், முகம் எல்லாம் சோகை புடிச்ச மாதிரி வெளிறிப் போய் நிக்கும்.

பக்கத்துலயே இன்டென்ட்னு ஒண்ணு இருக்கு, ஸ்பேஸுக்குள்ள அடங்காத கலரை என்ன பண்ணணும்னு சொல்றது, பெர்செப்சுவல், ரிலேட்டிவ், சாச்சுரேஷன்னு. அதை மாத்தி மாத்திப் பார்த்தும் ஒண்ணும் ஆகலயேன்னு மண்டையை உடைச்சுக்காதீங்க. எஸ்ஆர்ஜிபி மாதிரி சாதா மேட்ரிக்ஸ் ப்ரொஃபைலுக்கு பெர்செப்சுவலுக்கான (எல்லாக் கலரையும் சேர்த்துச் சுருக்குற) டேபிளே உள்ள கிடையாது, எதைப் போட்டாலும் வெளிய இருக்கிற கலரை வெட்டத்தான் செய்யும். பேப்பருக்குன்னு லேப் கொடுக்கிற ஐசிசி (ப்ரொஃபைலுக்கான பொது ஃபைல் வகை) ப்ரொஃபைல்லதான் இதுக்கு அர்த்தம் வரும், அப்பவும் செட்டிங்ஸ்ல லிட்டில்சிஎம்எஸ்ங்கிற கலர் மாத்துற லைப்ரரியை ஆன் பண்ணி வச்சிருக்கணும். அந்த ஐசிசி ஃபைலை டார்க்டேபிளோட கான்ஃபிக் ஃபோல்டர்ல கலர், அதுக்குள்ள அவுட் ஃபோல்டர்ல போட்டு திரும்பத் திறந்தா லிஸ்ட்ல வந்துடும். லிட்டில்சிஎம்எஸ் ஆன் பண்ணா எக்ஸ்போர்ட் கொஞ்சம் மெதுவாகும்.

சைஸை பிக்சல்லயும் கொடுக்கலாம், இன்ச் சென்டிமீட்டர்லயும் கொடுக்கலாம், பிரிண்ட் ஆளுங்களுக்கு இது வசதி. 12க்கு 18 இன்ச், 300 டிபிஐன்னு (இன்ச்சுக்கு 300 புள்ளி) போட்டா 3600க்கு 5400க்குள்ள அடக்கிக் கொடுத்துடும். "ஹை குவாலிட்டி ரீசாம்ப்ளிங்" ஆன்லயே இருக்கட்டும், முழு சைஸ்ல எல்லா வேலையும் முடிச்சிட்டு கடைசியா சுருக்கும், ஆஃப் பண்ணா முதல்லயே சுருக்கிடும், வேகமா முடியும் ஆனா ஷார்ப்னெஸ் நீங்க பார்த்த மாதிரி வராது. ஃபார்மேட்டுக்குப் பஞ்சமே இல்ல, ஜேபெக், டிஃப் 32 பிட் ஃப்ளோட் வரைக்கும், வெப்பி, ஏவிஃப், ஜேபெக் எக்ஸ்எல் எல்லாம் உண்டு.

இல்லாதது ரெண்டு. ஒண்ணு, "500 கேபிக்குள்ள வேணும்"னு சொல்ற ஆப்ஷன் கிடையாது, லைட்ரூம்ல இருக்கு. விக்கிற தளம் எல்லாம் ஃபைல் சைஸுக்கு லிமிட் வைக்கிற காலத்துல இது இல்லாதது கடுப்பு, குவாலிட்டி ஸ்லைடரை இறக்கி இறக்கிப் பார்க்கணும். ரெண்டாவது, பேப்பருக்குத் தனி ஸ்க்ரீனுக்குத் தனின்னு எக்ஸ்போர்ட் ஷார்ப்பனிங் இல்ல. இதுக்கு ஒரு வழி இருக்கு, ஷார்ப்பனை ஒரு ஸ்டைலா (சேமிச்சு வச்ச செட்டிங் தொகுப்பு) சேவ் பண்ணி எக்ஸ்போர்ட் பேனல்ல அந்த ஸ்டைலை "அப்பென்ட்"னு சேர்த்துடுங்க, எடிட்டைத் தொடாம வெளிய போற ஃபைலுக்கு மட்டும் அது ஏறும். கடைப் பேரை வாட்டர்மார்க்கா போடுறதும் இதே வழில பண்ணலாம். எல்லாத்தையும் ப்ரீசெட்டா வச்சுக்கலாம், வாட்ஸப்புக்கு ஒண்ணு, லேபுக்கு ஒண்ணு, கேட்லாக்குக்கு ஒண்ணுன்னு, அப்புறம் ஒரு க்ளிக்தான்.

விண்டோஸ்ல இருக்கிறவங்களுக்கு ஒரு தகவல், நேரா பிரிண்டருக்கு அனுப்புற பிரிண்ட் பக்கம் லினக்ஸ்லயும் மேக்லயும்தான், உங்களுக்கு ஃபைலா எடுத்து வேற சாஃப்ட்வேர்ல பிரிண்ட் பண்றதுதான் வழி. அப்புறம் கஸ்டமருக்கு ஜேபெக் அனுப்புறதுக்கு முன்னாடி எக்ஸ்போர்ட்டோட மெட்டாடேட்டா செட்டிங்ஸைத் திறந்து "டெவலப் ஹிஸ்டரி" டிக்கை எடுத்துடுங்க, இல்லன்னா நீங்க பண்ண எடிட் ஸ்டெப் மொத்தமும் அந்த ஃபைலுக்குள்ளயே ஒட்டிக்கிட்டுப் போகும்.